மாவட்ட அளவில் ஓடும் மகளுக்குப் புரதப் பொடியும் மற்றவையும் தேவைதானா?

கோபி அம்மா எழுதியது:

வணக்கம். கோபிசெட்டிபாளையத்தை அடுத்த ஒரு சிற்றூரில் இருக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் 1500 மீட்டர், 3000 மீட்டர் ஓட்டங்களில் பள்ளிக்காகவும் மாவட்டத்திற்காகவும் ஓடி வருகிறாள். வயது பதினேழு, எடை 46 கிலோ. வாரத்தில் ஆறு நாள், விடியற்காலை ஐந்தரை மணிக்கு மைதானத்தில் இறங்கினால் ஏழேகால் வரை பயிற்சி; பள்ளி விட்டபின் பொழுது சாயும் நேரத்தில் மீண்டும் ஒரு மணி நேரம். இவ்வளவு உழைத்தும், சென்ற ஆண்டு இதே பருவத்தில் ஓடிய நேரத்தை இப்போது எட்ட முடியவில்லை. கால் கனக்கிறது என்கிறாள். பள்ளியில் இரண்டாம் மாடிக்கு ஏறினாலே மூச்சு வாங்குகிறதாம்.

உடன் ஓடும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் சொன்னதைக் கேட்டு, ஈரோட்டில் இவ்வகைப் பொருள்கள் விற்கும் ஒரு கடைக்குச் சென்றோம். வே புரோட்டீன், பி.சி.ஏ.ஏ., குளூட்டமின், பயிற்சிக்கு முன் கலக்கிக் குடிக்கும் ப்ரீ ஒர்க்கவுட் பொடி, மல்டிவைட்டமின் மாத்திரை என்று ஐந்தை எழுதித் தந்தார்கள். எல்லாம் சேர்த்து மாதம் ஒன்பதாயிரம் ரூபாய் வரை ஆகும்போலத் தெரிகிறது. எங்களுக்கு இருப்பது கொஞ்சம் வயலும் இரண்டு கறவை மாடுகளும்தான். உண்மையிலேயே தேவை என்றால் எப்படியாவது வாங்கிக் கொடுத்துவிடுவோம். தேவைதானா என்பதுதான் தெரியவில்லை.

அவள் சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். எழுந்ததும் ஒரு டீ. ஓடிவிட்டு வந்து, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று நின்றபடியே இரண்டு இட்லி. மதியத்துக்கு எலுமிச்சை சாதமோ தயிர் சாதமோ கட்டிக் கொடுத்தால் பாதி திரும்பி வருகிறது. இரவு மூன்று தோசை. எடை ஏறினால் வேகம் குறையும் என்று யாரோ சொன்னதிலிருந்து சோற்றைக் கண்டாலே தள்ளி வைக்கிறாள். முட்டை வாரத்தில் இரண்டு மூன்று, ஞாயிற்றுக்கிழமை கறி. சனிக்கிழமையும் புரட்டாசி மாதமும் வீட்டில் சைவம்.

இன்னொன்று. நான்கைந்து மாதங்களாக அவளுக்கு மாதவிலக்கு வரவில்லை. ஓடுகிற பெண்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று மைதானத்தில் சொல்கிறார்கள். அதையும் சொல்லிவைப்பது நல்லது என்று தோன்றியது.

காங்கேயம் உடற்கல்வி எழுதியது:

அம்மா, வணக்கம்ங்க. அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். கடைக்காரர் எழுதித் தந்த ஐந்தில் ஒன்றை வாங்குவதற்கும் முன்னால், பிள்ளையின் வட்டலில் ஒரு நாளில் என்ன விழுகிறது என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். நீங்கள் சொன்ன சாப்பாட்டை வைத்துப் பார்த்தால் குறை புரதத்தில் தொடங்கவில்லை, சோற்றில் தொடங்குகிறது.

நாளொன்றுக்கு ஒரு மணி முதல் மூன்று மணி நேரம் வரை கடுமையாகப் பயிற்சி செய்பவருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 6 முதல் 10 கிராம் வரை மாவுச்சத்து வேண்டும் என்பது விளையாட்டு உணவியலில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. 46 கிலோ எடைக்கு அது 276 கிராமில் தொடங்கி 460 கிராம் வரை போகும். இரண்டு இட்லி, பாதி டப்பா சோறு, மூன்று தோசை ஆகியவற்றைக் கூட்டினால் 150 கிராமைத் தாண்டாது என்பது என் கணிப்பு. தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜனாகச் சேர்ந்திருக்கும் கையிருப்புதான் வேகமான ஓட்டத்துக்கு எரிபொருள். காலையில் அதைச் செலவழித்துவிட்டு, பகலில் நிரப்பாமல், மாலையில் மீண்டும் செலவழிக்கச் சென்றால் கால் கனக்காமல் என்ன செய்யும்?

புரதத்துக்கு வருவோம். கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை என்பது பயிற்சியில் இருப்பவர்களுக்கான அளவு. நடுவாக 1.6 என்று வைத்தால் உங்கள் மகளுக்கு ஏறக்குறைய 74 கிராம். இதை நம் வீட்டுச் சாப்பாட்டிலேயே எட்டலாம். முட்டை இரண்டில் 12 கிராம். அரை லிட்டர் பாலில் 16. கொள்ளு, பச்சைப்பயறு, துவரை என எதுவாயினும் வேகவைக்கும் முன் 60 கிராம் இருந்தால் 13. அரிசியும் ராகியுமாக, சமைக்கும் முன் 300 கிராமில் 22 அல்லது 23. ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7 அல்லது 8. ஒரு கிண்ணம் தயிரில் 3 அல்லது 4. கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாக வந்துவிடும். இதே சாப்பாட்டோடு மூன்று வாழைப்பழமும் கொஞ்சம் நாட்டுச்சர்க்கரையும் சேர்ந்தால் மாவுச்சத்தும் 350 கிராமைத் தாண்டிவிடும். அரிசிம்பருப்பு சாதம் ஒன்றிலேயே இரண்டும் கூடி வருகிறது. அரிசிப் புரதத்தில் குறைவாக இருக்கும் லைசின் என்னும் புரதக் கூறு பருப்பில் நிறைய உண்டு. நம் பக்கத்து வீடுகளில் இதை வாரத்தில் இரண்டு மூன்று முறையாவது ஆக்குகிறோம். அதே பிள்ளைக்குப் புரதம் தேடி ஈரோட்டுக்குப் பேருந்து ஏறுகிறோம்.

வே புரோட்டீன் என்பது பாலிலிருந்து சீஸ் செய்யும்போது பிரிந்து நிற்கும் நீரிலிருந்து எடுப்பது. கெட்ட பொருள் அல்ல. ஆனால் வீட்டு மாட்டின் பாலை முழுவதும் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, பாலின் ஒரு பகுதியைப் பொடியாகப் பல மடங்கு விலை கொடுத்து வாங்குவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. அரை லிட்டரை வீட்டில் நிறுத்துங்கள்.

அளவைப் போலவே நேரமும் பெரிது. காலை ஐந்தரை மணி ஓட்டத்துக்கு வெறும் டீயோடு போகக் கூடாது. புறப்படுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன் இரண்டு பூவன் பழம், அல்லது நாட்டுச்சர்க்கரை கலந்த ஒரு கைப்பிடி அவல். ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் சரியான சாப்பாடு: நான்கைந்து இட்லி, முட்டை இரண்டு, ஒரு டம்ளர் பால். பேருந்துக்கு நேரமாகிறது என்றால் முட்டையையும் பழத்தையும் மைதானத்துக்கே ஒரு சிறு போசியில் கொடுத்தனுப்புங்கள். உடை மாற்றும் நேரத்தில் தின்றுவிடலாம். மாலைப் பயிற்சிக்கு ஒரு மணி நேரத்துக்கு முன், பள்ளியிலேயே, வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு அல்லது கடலை உருண்டை. பாதி டப்பா திரும்பி வருவதற்குப் பசியின்மையைவிட நேரமின்மை காரணமாக இருக்கலாம். எங்கள் பள்ளியில் மதிய இடைவேளையில் கைகழுவும் இடத்தில் வரிசையில் நிற்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது.

போட்டி நாளுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. கொள்ளு, மொச்சை, கம்பு, களி எல்லாம் அன்று காலை வேண்டாம், வயிறு உப்பும். மூன்று மணி நேரத்துக்கு முன்பே இட்லியும் சர்க்கரையும் சாப்பிட்டுவிட்டால் போதும்.

திருப்பூர் ரைடர் எழுதியது:

அக்கா, ஆசிரியர் ஐயா சொன்ன கணக்கில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் பொடி என்றாலே ஒதுக்க வேண்டும் என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன். நான் கபடி ஆடுபவன். பனியன் கம்பெனியில் வேலை, அறையில் அடுப்பு இல்லை, மூன்று வேளையும் மெஸ் சாப்பாடு. என் எடை 78 கிலோ; கிலோவுக்கு 1.6 கிராம் என்றால் நாளுக்கு 125 கிராம் புரதம் வேண்டும். மெஸ்ஸில் ஊற்றும் சாம்பாரில் பருப்பைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஷிப்ட் தொடங்கிவிடும். வே புரோட்டீன் ஒரு கரண்டியில் 24 கிராம் வரை புரதம் இருக்கிறது. தண்ணீரில் கலக்கினால் வேலை முடிந்தது. வீட்டில் பாலும் முட்டையும் பருப்பும் உள்ளவர்களுக்கு அது அவசியமில்லை, என்னைப் போன்றவர்களுக்கு அது வசதி. அந்த அளவில் அதை வைத்துக்கொள்ளலாம்.

கிரியேட்டின் மோனோஹைட்ரேட்டும் எடுத்துக்கொள்கிறேன். நாளுக்கு 3 முதல் 5 கிராம் போதும். முதல் வாரம் 20 கிராம் எடுப்பவர்களும் உண்டு. அப்படி எடுக்காவிட்டாலும் மூன்று நான்கு வாரங்களில் தசையில் கிரியேட்டின் நிறைந்துவிடும். கபடியில் ஒரு ரைடு 30 நொடி. பாய்வதும் நிற்பதும் மறுபடி பாய்வதுமான ஆட்டத்துக்கு அது உதவுகிறது. எடையில் ஏறக்குறைய ஒரு கிலோ நீராகக் கூடும். ஆகவே மூவாயிரம் மீட்டர் ஓடும் பெண்ணுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இன்னொரு செய்தி: கிரியேட்டின் எடுப்பவர்களுக்கு ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையை அறியப் பார்க்கும் கிரியேட்டினின் அளவு சற்றுக் கூடுதலாகக் காட்டலாம், பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அந்தப் பட்டியலில் மற்றவற்றைப் பற்றி: பி.சி.ஏ.ஏ.வில் உள்ள மூன்று அமினோ அமிலங்களும், அதாவது புரதக் கூறுகளும், முட்டையிலும் பாலிலும் ஏற்கெனவே இருக்கின்றன. குளூட்டமினால் ஓட்டம் கூடும் என்பதற்குச் சான்று இல்லை. ப்ரீ ஒர்க்கவுட் பொடியை மட்டும் வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். அதில் பெரும்பங்கு காஃபீன். ஒரு கரண்டியில் 200, 300 மில்லிகிராம் வரை இருக்கும் பொடிகள் உண்டு. பெரியவர்களுக்கே கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் என்பதுதான் கணக்கு. 46 கிலோ எடையுள்ள பதினேழு வயதுப் பெண்ணுக்கு 300 மில்லிகிராம் உள்ள ஒரு கரண்டி அந்த மேல்வரம்பையும் தாண்டிவிடும். மாலையில் குடித்தால் இரவுத் தூக்கம் போகும். தூக்கம் போனால் மறுநாள் பயிற்சியும் போகும். குடித்ததும் முகமும் கையும் சுருசுருவென்று இழுப்பதைப் பொடி வேலை செய்கிறது என்று எங்கள் பையன்கள் நம்புகிறார்கள். அது அதிலுள்ள பீட்டா அலனின் செய்யும் வேலை. ஆட்டத்துக்கும் அந்தச் சுருசுருப்புக்கும் சம்பந்தமில்லை.

கோவை உணவியல் எழுதியது:

அக்கா, விளையாட்டு வீரர்களுக்கான உணவியலில் பணியாற்றுகிறேன். மேலே இருவரும் எழுதியது பெரும்பாலும் சரி. ஆனால் உங்கள் கேள்வியின் கடைசிப் பத்தியை இருவரும் தொடவில்லை. என் பார்வையில் முதலில் கவனிக்க வேண்டியது அதுதான்.

ஓடுகிற பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பது இயல்பு என்று மைதானங்களில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. அது தவறு. முன்பு ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிலக்கு மூன்று மாதங்களுக்கு மேல் வராமலிருந்தால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். தைராய்டு கோளாறு, சினைப்பை நீர்க்கட்டி என்று வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால் இணையத்தில் யாரும், நானும்கூட, காரணத்தை முடிவு செய்யக் கூடாது. எனினும் சாப்பாட்டைக் குறைத்தது, நேரம் பின்தங்கியது, களைப்பு, மாதவிலக்கு நின்றது ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்க்கும்போது, சர்வதேச ஒலிம்பிக் குழு 2014ஆம் ஆண்டில் பெயரிட்டு, 2018இலும் 2023இலும் விரித்துரைத்த ஒரு நிலையின் சாயல் தெரிகிறது. விளையாட்டில் ஏற்படும் ஒப்பீட்டு ஆற்றல் குறைபாடு என்று அதைச் சொல்லலாம். பயிற்சிக்குச் செலவான ஆற்றல் போக, மிச்சமிருப்பது உடம்பின் அன்றாட வேலைகளுக்குப் போதாதபோது, உடம்பு எவற்றை ஒத்திப்போட முடியுமோ அவற்றை ஒத்திப்போடுகிறது. அதில் முதலில் நிற்பது மாதவிலக்கு. உடன் பாதிக்கப்படுவது எலும்பு.

கணக்காகச் சொன்னால் விளங்கும். கொழுப்பு நீங்கலாக உடல் எடை 38 கிலோ என்று வைத்துக்கொண்டால், கிலோவுக்கு 45 கிலோ கலோரி வீதம் 1,710 கிலோ கலோரி உடம்பின் பங்கு. இரு வேளைப் பயிற்சிக்கு ஏறக்குறைய 700 என்று கொண்டால் நாளுக்கு 2,400 தேவைப்படும். நீங்கள் சொன்ன சாப்பாடு இதில் பாதியை எட்டினால் அதிகம். உடம்பின் பங்கு கிலோவுக்கு 30 கிலோ கலோரிக்குக் கீழே பல வாரங்கள் நீடிப்பது கவலைக்குரியது. இங்கே அது அதற்கும் வெகு கீழே இருக்கிறது. எடை குறையாமல் நிற்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். உடம்பு தன் செலவைச் சுருக்கிக்கொள்வதால் எடை அப்படியே நிற்கலாம்.

மாதவிலக்கை வரவழைக்க மாத்திரை கேட்டு வாங்கிவிடாதீர்கள். ஹார்மோன் மாத்திரையால் உதிரப்போக்கு வரும்; ஆனால் ஆற்றல் குறைபாடு அப்படியே இருக்கும், எலும்பின் இழப்பும் தொடரும். வெளியே எல்லாம் சரியாகிவிட்டதுபோல் தோன்றுவதுதான் அதிலுள்ள ஆபத்து.

மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றீர்களே, அதற்கு இரும்புச்சத்தைப் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபினை மட்டும் பார்த்தால் போதாது; இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்னும் பரிசோதனையையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 12க்கு மேல் இருக்கும்போதே ஃபெரிட்டின் அடிமட்டத்தில் இருப்பதை ஓட்டக்காரப் பெண்களிடம் அடிக்கடி காண்கிறோம். பாதம் தரையில் மீண்டும் மீண்டும் மோதுவதால் சிவப்பணுக்கள் சிதைகின்றன. வேர்வையிலும் குடல் வழியாகவும் சிறிது இரும்பு போகிறது. கடும் பயிற்சிக்குப் பின் மூன்று முதல் ஆறு மணி நேரத்தில் ஹெப்சிடின் என்னும் ஹார்மோன் கூடி, இரும்பு உட்கிரகிக்கப்படுவதைத் தடுக்கிறது. சாப்பாட்டோடு டீ குடித்தால் அதிலுள்ள டானின் மேலும் தடுக்கும். ஆகவே டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள்; கீரை, கம்பு, கொள்ளு சாப்பிடும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருக்கட்டும். ஆனால் பரிசோதனை இல்லாமல் இரும்பு மாத்திரை தொடங்க வேண்டாம். பரம்பரை ரத்தக் குறைபாடான தலசீமியாவின் மரபணு ஒன்று மட்டும் உள்ளவர்களுக்கும் ஹீமோகுளோபின் குறைவாகத்தான் காட்டும். அவர்களுக்கு இரும்பு குறைவாக இருக்க வேண்டும் என்பதில்லை.

வைட்டமின் டி, பி12 இரண்டையும் அதே ரத்தத்திலேயே பார்த்துவிடலாம். மைதானத்தில் வெயிலில்தானே நிற்கிறாள் என்று நினைக்கத் தோன்றும். விடியற்காலை வெயிலில் வைட்டமின் டி உருவாகத் தேவையான கதிர் மிகக் குறைவு. பகல் முழுவதும் அவள் வகுப்பறைக்குள் இருக்கிறாள்.

ஒன்று கேட்கிறேன்: முழங்காலுக்குக் கீழே, முன்புற எலும்பில், ஒரு குறிப்பிட்ட இடத்தை விரலால் அழுத்தினால் வலிக்கிறதா?

கோபி அம்மா எழுதியது:

நீங்கள் கேட்ட பிறகு அவளிடம் கேட்டுப் பார்த்தேன். இடது காலில் கணுக்காலுக்கு மேலே, உட்புறமாக, ஒரு ரூபாய் அளவு இடத்தில் அழுத்தினால் துடிக்கிறாள். ஓடத் தொடங்கும்போது இருக்கும் வலி ஓடி முடித்த பிறகும் போவதில்லையாம். வெளியே சொன்னால் ஓட விடமாட்டோம் என்று மறைத்திருக்கிறாள். ஈரோட்டில் ரத்தமும் கொடுத்துவிட்டோம். ஹீமோகுளோபின் 11.2, ஃபெரிட்டின் 9 என்று வந்திருக்கிறது. வைட்டமின் டியும் குறைவு என்று குறித்திருக்கிறார்கள். மகப்பேறு மருத்துவரிடம் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறோம். அதுவரை சும்மா இருக்காமல் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டால் தெம்பு வரும் என்று உறவினர் சொல்கிறார்கள். சத்துக்கு ஒரு லேகியமும் வாங்கி வந்திருக்கிறார்கள். கொடுக்கலாமா?

கோவை உணவியல் எழுதியது:

அக்கா, ஓட்டத்தை இன்றே நிறுத்திவிடுங்கள். ஒரு விரலால் காட்டக்கூடிய இடத்தில் எலும்பு வலி என்றால், அது அழுத்த முறிவு (ஓயாத பயிற்சியால் எலும்பில் விழும் நுண்விரிசல்) அல்ல என்று உறுதியாகும்வரை முறிவு என்றே கொள்ள வேண்டும். எலும்பு மருத்துவரைத் தனியே பாருங்கள். எக்ஸ்ரேயில் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒன்றும் தெரியாமல் போகலாம்; அதில் ஒன்றுமில்லை என்றதும் மறுநாளே ஓட அனுப்பிவிடக் கூடாது. எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்வார்.

வயது வந்த பெண்களுக்கு ஃபெரிட்டின் 15க்குக் கீழே போனாலே இரும்புக் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் கொள்கிறது. விளையாட்டு மருத்துவர்கள் பலர் 30க்குக் கீழேயே சிகிச்சையைப் பற்றி யோசிப்பார்கள். 9 என்பது தெளிவான குறைபாடு. மாத்திரையின் அளவையும் காலத்தையும் மருத்துவர் எழுதித் தருவார். தினமும் எடுக்கும்போது வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். அப்படி எடுக்கும்போது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உட்கிரகிக்கப்படும் பங்கு கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரும்பையும் பாலையும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டாம். கையிருப்பு நிறைய மாதங்கள் ஆகும். பதினைந்து நாளில் தெம்பு வந்துவிட்டது என்று நிறுத்திவிடக் கூடாது.

மூவரையும், அதாவது இரண்டு மருத்துவர்களையும் பயிற்சியாளரையும், ஒரே தகவலை அறிந்தவர்களாக ஆக்கிவிடுங்கள். மகப்பேறு மருத்துவரிடம் கால் வலியையும், எலும்பு மருத்துவரிடம் மாதவிலக்கையும் சொல்லாமல் விடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

சேலம் தடகளம் எழுதியது:

குளுக்கோஸ், லேகியம் இரண்டைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளாகத் தடகளப் பயிற்சி அளித்து வருகிறேன்.

உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் விதிப்படி, 12 மணி நேரத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேல் நரம்பு வழியாக எதை ஏற்றினாலும், அது வெறும் குளுக்கோஸ் நீராகவே இருந்தாலும், தடைசெய்யப்பட்ட முறையாகும். மருத்துவமனைச் சிகிச்சை, அறுவை சிகிச்சை, நோயறியும் பரிசோதனை ஆகியவற்றின்போது முறையாகக் கொடுப்பதற்கு மட்டுமே விலக்கு. களைப்பாக இருக்கிறது என்று தெரு முனைக் கிளினிக்கில் ஒரு பாட்டில் ஏற்றிக்கொள்வது நம் ஊரில் சாதாரணம். போட்டியில் இறங்குபவருக்கு அது சாதாரணம் அல்ல. அந்த அரை லிட்டர் பாட்டிலில் இருப்பதும் 25 கிராம் சர்க்கரைதான். ஒரு பெரிய வாழைப்பழத்தில் கிடைப்பது.

லேகியத்தில் என்ன இருக்கிறது என்று டப்பாவில் முழுமையாக எழுதியிருக்கிறதா? எடை ஏற்றும் பொடி, சத்து லேகியம் என்ற பெயரில் விற்பவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்த நிகழ்வுகள் உண்டு. டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்தால் பசி எடுக்கும், முகம் பூரிக்கும், வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அதுவே எலும்பையும் அரிக்கும். ஏற்கெனவே எலும்பில் வலி உள்ள பெண்ணுக்கு அதைக் கொடுப்பதைப் பற்றி நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

பள்ளி மாணவிதானே, யார் சோதிக்கப் போகிறார்கள் என்றும் எண்ண வேண்டாம். மத்திய அரசின் கேலோ இந்தியா போட்டிகளிலேயே, தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடா, வீரர்களிடம் மாதிரி எடுக்கிறது. உடம்பில் எது இருந்தாலும் அதற்கு வீரரே பொறுப்பு என்பது விதி. தெரியாமல் சாப்பிட்டேன் என்பது தண்டனையைக் குறைக்க உதவலாம், முடிவை மாற்றாது. தடை நான்கு ஆண்டுகள் வரை போகலாம். இதில் அதிகம் மாட்டிவிடுவது சளிக்கு வாங்கும் சிரப். நம் மருந்துக் கடைகளில் கேட்டவுடன் எடுத்துத் தரும் இருமல் மருந்துகள் பலவற்றில் டெர்பியூட்டலின் இருக்கிறது. அது போட்டிக் காலத்தில் மட்டுமல்ல, எப்போதுமே தடைப் பட்டியலில் உள்ளது. மருத்துவரிடம் போகும்போது முதல் சொல்லாகவே, மகள் போட்டிகளில் ஓடுகிறாள் என்று சொல்லிவிடுங்கள்.

டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருப்பது, அது உணவுப் பொருளாக விற்க உரிமம் பெற்றது என்பதை மட்டுமே சொல்கிறது. அந்தக் குறிப்பிட்ட டப்பாவில் தடைப் பொருள் கலக்கவில்லை என்பதை அது உறுதி செய்யாது. பின்னாளில் அவளுக்கு ஏதேனும் பொடி தேவைப்பட்டால், ஒவ்வொரு தொகுதியையும் தனியே சோதித்துச் சான்றளிக்கும் இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் போன்ற முத்திரை உள்ளதா என்று பார்த்து, தொகுதி எண்ணைக் குறித்து வைத்து, டப்பாவில் கொஞ்சம் மீதியும் வைத்திருக்க வேண்டும்.

கோபி அம்மா எழுதியது:

லேகியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். எலும்பு மருத்துவர் எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு, எலும்பில் வீக்கம் தெரிகிறது, கோடாக முறியவில்லை, எட்டு வாரம் ஓடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். மகப்பேறு மருத்துவரும் மாத்திரை எதுவும் தராமல் சாப்பாட்டைத்தான் முதலில் கேட்டார். ஓடாமல் இருக்கும்போது அதே அளவு சாப்பிட்டால் எடை போட்டுவிடும் என்று மகள் மீண்டும் தட்டைத் தள்ளுகிறாள். புரட்டாசியும் வரப்போகிறது, முட்டை இல்லாமல் எப்படி ஈடுகட்டுவது?

காங்கேயம் உடற்கல்வி எழுதியது:

அம்மா, இரண்டு முட்டைக்கு ஈடாக 25 கிராம் மீல்மேக்கர், ஊறவைக்கும் முன் நிறுத்தது, 13 கிராம் புரதம் தரும். பனீர் என்றால் 70 கிராம். புரட்டாசி முழுவதையும் அதிலேயே ஓட்டிவிடலாம். பி12க்குப் பாலும் தயிரும் தவறாமல் இருக்கட்டும். ராகியை மட்டும் விட்டுவிடாதீர்கள், நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்குக் குறையாத கால்சியம் இருக்கிறது. இரும்பு மாத்திரை காலை என்றால் ராகிக் களியை இரவுக்கு வையுங்கள்.

மகளிடம் இதைச் சொல்லுங்கள். ஓட்டம் இல்லாததால் குறைவது பயிற்சிக்கான 700 கிலோ கலோரிதான். உடம்பின் பங்கான 1,710 அப்படியே தேவை, எலும்பு கட்டுவதற்கும் மாதவிலக்கு திரும்புவதற்கும் அதற்கு மேலேயும் கொஞ்சம் தேவை. அவள் இப்போது சாப்பிடுவது அதற்கே போதாது. மருத்துவர் அனுமதித்தால் நீச்சலோ நிலையான சைக்கிளோ ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யலாம். சாப்பாட்டின் மீதுள்ள அச்சம் குறையவும் அது உதவும். தினமும் எடை பார்க்கும் பழக்கம் இருந்தால் அந்த இயந்திரத்தைக் கொஞ்ச நாள் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஓட்டத்துக்குத் திரும்பியபின் கோடையும் வரும். கரூர், ஈரோடு பக்கத்து வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நீண்ட பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு லிட்டர் வேர்வை போயிருக்கிறது என்று பொருள். அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை திரும்ப வேண்டும். எடை இயந்திரத்தை அதற்கு மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இளநீர் நல்லதுதான், பொட்டாசியம் நிறைய உண்டு, ஆனால் வேர்வையில் அதிகம் போவது சோடியம். இளநீரில் அது குறைவு. உப்புப் போட்ட மோரும் சோறும் சேர்ந்தால் போதும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வெயிலில் நிற்கும் நாள்களில் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அட்டையில் எழுதியுள்ள அளவு நீரில் மட்டும், கூட்டாமல் குறைக்காமல் கரைத்துக் கொடுத்தனுப்புங்கள்.